லயத்துக்கு ஏற்ற நாதம்

மத்திய மலைநாட்டுக்குப் பிரயாணம் செய்வோர் பெரும்பாலும் கண்ணுக்கு விருந்து தேடியே செல்கின்றனர். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகளும், வெள்ளிக் கோடுகளாய் விழும் அருவிகளும், உச்சிகளைத் தழுவி நிற்கும் பனிமூட்டமும் அவர்களை ஏமாற்றுவதில்லை. ஆனால் அந்நாட்டில் செவிக்கும் வேலை உண்டு என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். ஒரு மலையில் அடித்த தப்பின் ஒலி எதிர்மலையில் மோதித் திரும்புவதையும், லயத்தின் ஒரு காம்பராவில் குழந்தை அழுதால் மூன்றாவது காம்பராவில் இருப்பவர் விழித்துக் கொள்வதையும் அங்கே சில நாள் தங்கினால்தான் உணரலாம். 'லயம்' என்னும் சொல் சங்கீத வித்துவானுக்குத் தாளத்தின் ஓட்டத்தைக் குறிக்கும். மலைநாட்டானுக்கோ அது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டைக் குறிக்கும். இம்முறை நாம் மேற்கொண்ட பிரயாணம் இவ்விரண்டு லயங்களையும் ஒன்றுசேர்க்கும் முயற்சியாக அமைந்தது.

டிக்கோயாவுக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றில் இளைஞர் மூவர் சேர்ந்து ஒரு சிறு இசைக்குழு நடத்துகின்றனர். ஒருவர் பாடுவார், ஒருவர் தப்பும் தபேலாவும் வாசிப்பார், மற்றவர் மின்சாரக் கிற்றார் வாசிப்பார். கிற்றாருக்கு ஒரு வால்வு அம்பிளிபயர் வாங்க வேண்டுமென்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. வீட்டிலே பழகுவதற்கும், கோயில் மண்டபத்திலும் கலியாண வீட்டிலும் வாசிப்பதற்கும் ஒரே பெட்டி உதவ வேண்டும் என்பது நிபந்தனை. கொழும்பிலே ஒரு கடையில் பெரிய பெட்டியொன்றைக் காட்டி, "வாங்குவதென்றால் இதை வாங்குங்கள், சிறியது பிறகு போதாமற் போகும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இளைஞர்களுக்கு மனம் இரண்டாயிற்று. எமக்கு இத்துறையில் ஓரளவு பழக்கம் உண்டென்பதை அறிந்து, "அண்ணே, ஒருமுறை வந்து இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று அழைத்தார்கள். இடத்தைப் பார்க்காமல் அம்பிளிபயரைத் தெரிவு செய்வது காலைப் பார்க்காமல் செருப்புத் தைப்பது போன்றது, ஆதலின் புறப்பட்டோம்.

மின்சாரம் பிறந்த மலைகள்

அவிசாவளையைக் கடந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹற்றனுக்கு ஏறும் பாதையை நாம் தெரிந்து கொண்டோம். கித்துல்கலையில் களனி கங்கையின் கரையிலேதான் 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்டன. அதைக் காண்பதற்காக இன்றும் பலர் இறங்கி நிற்கின்றனர். நம்முடைய எண்ணமோ அந்த ஆற்றுக்கு நீர் கொண்டு வரும் மலைகளின் மீது சென்றது.

கெகெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரண்டு சிற்றாறுகள் இம்மலைகளில் இருந்து இறங்கிச் சென்று களனி கங்கைக்கு உயிர் கொடுக்கின்றன. இவற்றின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்று கனவு கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. 1918ஆம் ஆண்டிலேயே அவர் இதுபற்றி இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தார். ஆனால் லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டிலேதான். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தத் தாமதத்தையும் தாங்கி, தமது கனவு நனவானதைக் கண்ணாரக் கண்டபின், 1953இல் அவர் காலமானார்.

இம்மலைகளின் நீர் கொழும்பு நகரத்து வீதிகளுக்கு ஒளி கொடுத்தது, ஆலைகளை ஓட்டியது. எனினும் அந்நீர் பிறக்கும் சரிவுகளிலே கொழுந்து பறித்த மக்களின் லயங்கள் பலவற்றில் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்சாரம் வந்து சேர்ந்த பின்னும் அது மெலிந்த கம்பிகளிலும் பழைய இணைப்புகளிலும் வந்து சேர்ந்தது. அம்பிளிபயர் வாங்கப் போகின்றவருக்கு இந்தச் சரித்திரம் எதற்கு என்று வாசகர் வினவலாம். வால்வு அம்பிளிபயர் மின்சாரத்தைத் தின்று வாழும் பிராணி. அதற்குக் கிடைக்கும் உணவு எத்தகையது என்பதை அறியாமல் அதை வளர்க்க முடியாது.

ஹற்றனில் ஒரு பாடம்

நாலாயிரம் அடிக்கு மேல் அமைந்த ஹற்றன் நகரம் மலைத்தொழிலாளரின் தலைநகர் என்று சொல்லத் தக்கது. சம்பள நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கடைத்தெருவில் நடப்பதே ஒரு சாதனை. அந்தத் தெருவின் ஒரு மூலையில், ஒரு மேசை மட்டுமே போடக்கூடிய சிறு கடையில், வானொலி திருத்தும் முதியவர் ஒருவரைக் கண்டோம். இப்பொழுது அவரிடம் வருவன கைப்பேசிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளுமே. ஆனாலும் மேசையின் பின்னால் பழைய வால்வுகள் சில காகிதத்தில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன.

"தம்பி, அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் இருப்பவர்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருக்கும். பச்சைக் கண் ஒன்று எரியும். வாசலில் நின்று நாங்கள் பாட்டுக் கேட்போம்," என்றார் அவர்.

கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. பின்னர் இலங்கை வானொலி என்ற பெயரில் அதன் தமிழ்ச் சேவை கடல் கடந்து தமிழ்நாட்டிலும் இல்லந்தோறும் ஒலித்தது. அப்பெட்டிகளுக்குள் செந்தணலாய் ஒளிர்ந்த கண்ணாடிக் குழாய்களே வால்வுகள். 1904இல் பிளெமிங் என்னும் ஆங்கிலேயர் இரு முனைகள் கொண்ட வால்வைக் கண்டார். சில ஆண்டுகளில் அமெரிக்கரான டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையாக ஒரு கம்பி வலையைப் புகுத்தினார். உள்ளே ஒரு முனை சூடேறி மின்னணுக்களை உமிழ்கிறது. எதிரே உள்ள தகடு அவற்றை இழுக்கிறது. இடையிலுள்ள வலை வாய்க்கால் மடைபோல் அவ்வோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கிற்றாரின் எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது பிறக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அந்த வலையில் விட்டால், அதே வடிவத்தில் பெரியதோர் ஓட்டம் மறுபக்கம் வெளிவருகிறது. மடையைத் திறப்பவன் சிறுவனானாலும் பாய்வது ஏரி நீர் அல்லவா?

1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின் வானொலியில் இருந்து வால்வு மெல்ல விடைபெற்றது. ஆனால் கிற்றார் வாசிப்போர் மட்டும் அதைக் கைவிடவில்லை. காரணம் யாதெனின், வால்வு தன் வல்லமையின் எல்லையை அடையும்போது ஒலியைச் சடுதியாக வெட்டுவதில்லை. ஓரங்களை மழுக்கி, மெல்ல வளைத்து, ஒரு கனிவான கரகரப்பைத் தருகிறது. மென்மையாக மீட்டினால் தெளிவு. அழுத்தி மீட்டினால் உருக்கம். விரலுக்கு மறுமொழி சொல்லும் இப்பண்பே வாசிப்பவரைக் கவர்கிறது.

இதனால் ஓர் உண்மை புலப்படும். வால்வின் இனிமை அது எல்லையை நெருங்கும்போதே முழுதும் வெளிப்படுகிறது. பெரிய அம்பிளிபயர் அந்த எல்லையை எட்டுவதற்குள் அயலார் வீட்டுக் கூரை பறந்துவிடும். சிறிய அம்பிளிபயரோ மிதமான ஒலியிலேயே அந்த இனிமையைத் தந்துவிடும். அமெரிக்காவில் பெண்டர் நிறுவனத்தின் 'சாம்ப்' என்னும் சிறு பெட்டி, 6வீ6 என்னும் ஒற்றை வலு வால்வைக் கொண்டு ஏறக்குறைய 5 வாட் மட்டுமே தந்தது. பயில்வோருக்கென விற்கப்பட்ட அந்தச் சிறு பெட்டி பிற்காலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் விரும்பிப் பயன்படுத்தப்பட்டது.

லயத்தின் கணக்கு

மறுநாட் காலை தோட்டத்துக்குச் சென்றோம். கிற்றார் வாசிக்கும் இளைஞர் வாழ்வது பழைய லயமொன்றின் நடுக் காம்பராவில். அத்தகைய காம்பரா சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது மலைநாட்டார் எவருக்கும் தெரியும். இருபுறமும் குடும்பங்கள், முதுகுப் புறத்திலும் குடும்பங்கள். தகரக் கூரை எல்லோருக்கும் பொது. அதிகாலையிலே பிரட்டுக்குப் புறப்பட வேண்டியவர்கள் இரவு எட்டு ஒன்பது மணிக்கே படுத்துவிடுகின்றனர்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டோம். ஸ்பீக்கருக்கு ஒரு வாட் வலுவைக் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கும் என்பதே அதன் திறனைக் குறிக்கும் எண். 95 டெசிபெல் திறனுள்ள ஸ்பீக்கருக்கு 5 வாட் கொடுத்தால் 102 டெசிபெல் ஒலி எழும். நூறு டெசிபெல் ஒலியை நாளொன்றுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்டல் செவிக்குக் கேடு என்பது தொழிற் சுகாதார வல்லுநர் வகுத்த அளவு. ஆகவே ஐந்து வாட்டே அந்தக் காம்பராவுக்கு மிகுதி! கடைக்காரர் காட்டிய பெரிய பெட்டியை அங்கே வைத்தால் அதன் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்பும் நாள் வரவே வராது.

வாட் என்னும் எண்ணைக் கண்டு மயங்குவோர் பலர். ஐம்பது வாட் என்பது ஐந்து வாட்டைப் போல் பத்து மடங்கு உரக்க ஒலிக்கும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். நமது செவி அவ்வாறு கணக்கிடுவதில்லை. வலு பத்து மடங்கானால் செவிக்கு ஏறக்குறைய இரு மடங்காகவே தோன்றும். வலு இரு மடங்கானால் கூடுவது மூன்று டெசிபெல். அது கவனித்துக் கேட்டால் புலப்படும் ஒரு சிறு ஏற்றமே.

ஆனால் ஸ்பீக்கரை மாற்றினால் பலன் வேறு. 92 டெசிபெல் திறனுள்ள எட்டங்குல ஸ்பீக்கருக்குப் பதிலாக 98 டெசிபெல் திறனுள்ள பன்னிரண்டங்குல ஸ்பீக்கரைப் பூட்டினால் ஆறு டெசிபெல் கூடும். அது வலுவை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். அதாவது, நல்ல ஸ்பீக்கரோடு கூடிய 5 வாட் பெட்டி, திறன் குறைந்த ஸ்பீக்கரைக் கொண்ட 20 வாட் பெட்டிக்கு ஈடாகும். கடையில் வாட் எத்தனை என்று மட்டும் கேட்பவர் பாதிக் கேள்வியையே கேட்கிறார். ஸ்பீக்கரின் திறன் எத்தனை என்பது மற்றப் பாதி.

இரவிலே பழகுவதற்கு வேறோர் ஏற்பாடும் வேண்டும். சில பெட்டிகளில் வலுவை ஒரு வாட்டுக்கும் கீழே குறைக்கும் சுவிட்ச் உண்டு. சிலவற்றில் காதொலிப்பானுக்கு இணைப்பு உண்டு. இவை இரண்டில் ஒன்றேனும் லயவாசிக்கு அவசியம். ஒலி கேட்கக் கூடாது என்பதற்காக ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றிவிட்டு வாசிப்பது மட்டும் கூடவே கூடாது. சுமையின்றி இயங்கும் வால்வு அம்பிளிபயரின் வெளியீட்டு டிரான்ஸ்போமர் எரிந்து போகும். பெட்டியிலே விலை மிகுந்த உறுப்புகளில் அது ஒன்று.

நாம் இவ்வாறு பேசிக் கொண்டிருந்தபோது இளைஞரின் தாயார் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அனைத்தையும் பொறுமையாகக் கேட்டபின் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"எல்லாம் சரிதான் ஐயா, இந்தப் பெட்டி எத்தனை நாள் கொழுந்து?"

எம்மிடம் உடனே விடை இல்லை. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவாயிற்று. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கடல் கடந்து வரும் வால்வு அம்பிளிபயர் எதுவாயினும் அதன் விலையை இந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால் கிடைப்பது சில நாட்கள் அல்ல. பல வாரங்கள், பெரியதாயின் பல மாதங்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் கழியும் நாட்கள் அவை. அந்த அம்மையாரின் கேள்வியே அன்று முதல் எமக்கு அளவுகோலாயிற்று.

தப்புக்கு முன்னால்

வீட்டுக்குச் சிறியது போதும், சபைக்கு? இக்கேள்விக்கு விடை காணத் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குச் சென்றோம். ஓர் ஒலி வெட்டவெளியில் தூரம் இரு மடங்காகும் தோறும் ஆறு டெசிபெல் குறையும். ஒரு மீற்றரில் 102 டெசிபெல் என்றால் எட்டு மீற்றரில் 84. பதினாறு மீற்றரில் 78. முப்பது நாற்பது பேர் அமர்ந்து கேட்கும் மண்டபத்தில், பாட்டும் தபேலாவும் மட்டும் இருக்குமாயின், இது தாராளமாகப் போதும்.

தப்பு வந்துவிட்டால் கதை வேறு. முன்னாளில் பொழுது புலருமுன் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்பின் ஒலியே. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும்போதும், பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் நடக்கும்போதும், அதே தப்பு ஆட்டக்காரரின் கால்களுக்கு வேகம் கொடுக்கிறது. மலையையே எழுப்பும் அவ்வாத்தியத்துக்கு முன்னால் ஐந்து வாட் அல்ல, ஐம்பது வாட்டும் திணறும். அத்தகைய வேளையில் கிற்றார்ப் பெட்டியின் வலுவைக் கூட்டிக்கொண்டே போவது வீண். அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி, விழாவுக்கென வாடகைக்கு வரும் ஒலிபெருக்கித் தொகுதியில் இணைத்துவிட்டால் ஐந்து வாட்டின் குரலே மலை முழுதும் கேட்கும். இன்று பெரிய மேடைகளிலும் சிறு பெட்டிகளை இவ்வாறே பயன்படுத்துகின்றனர்.

இன்னொன்றும் சொன்னோம். பாடுவோரின் மைக்கைக் கிற்றார் அம்பிளிபயரில் இணைத்தால் குரல் அடைத்தது போல் ஒலிக்கும். அது கிற்றாரின் இயல்புக்கென்றே அமைக்கப்பட்ட கருவி. பாட்டுக்கு வேறு பெட்டியே தகும்.

உயிருக்கு உலை

மண்டபத்துச் சுவரில் இருந்த மின் இணைப்பைப் பார்த்ததும் நாம் சற்றுத் திடுக்கிட்டோம். மூன்று துளைகள் இருந்தன. ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இல்லை. வெளியழகுக்கு மட்டும் அது அங்கே இருந்தது.

வால்வு அம்பிளிபயரின் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் ஓடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் அது தங்கி நிற்கக் கூடும். ஆகவே பழக்கமில்லாதவர் பெட்டியைத் திறத்தலே ஆகாது. அதைவிட மறைவான ஆபத்து வேறொன்று உண்டு. கிற்றாரின் தந்திகள் அம்பிளிபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத இடத்தில், உள்ளே ஒரு கம்பி நழுவிச் சட்டத்தைத் தொட்டால், தந்தி முழுவதும் மின்சாரம் ஏறும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தந்தியைத் தொடும் கையும், எதிரே வேறு இணைப்பில் உள்ள மைக்கைத் தொடும் உதடும் அந்த மின்சாரத்துக்கு வழியாகிவிடும். உலகின் பல பாகங்களிலும் இசைக் கலைஞர்கள் இவ்வாறு உயிரிழந்திருக்கின்றனர்.

ஆதலின், முதலில் வாங்க வேண்டியது அம்பிளிபயர் அன்று. எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சுமே என்று நாம் உறுதியாகச் சொன்னோம். தகுதி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு எர்த் கோலை நிலத்தில் இறக்கி, மண்டபத்துக்கும் காம்பராவுக்கும் ட்ரிப் சுவிட்ச் பொருத்திவிட்டால் இசைக்குழுவோடு லயத்துக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. ஒலி இரைகிறது என்று சொல்லி எர்த் முள்ளை வெட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு; அது இரைச்சலை நிறுத்துவதற்காக உயிரைப் பணயம் வைக்கும் செயலாகும்.

மின்னழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வரும் பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியதாயிருக்கலாம். அதை நேரே இணைத்தால் ஒரு கணத்தில் நாசம். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும். அதன் விலையும் பாரமும் வேறு. பின்பக்கத்தில் 230 என்று பொறிக்கப்பட்ட பெட்டியையே நாடுவது நன்று. மாலை வேளையில் எல்லா வீடுகளிலும் விளக்கேறும்போது கம்பியின் கடைசியில் உள்ள லயத்தில் மின்னழுத்தம் தாழ்வதும் உண்டு. அப்போது வால்வின் குரல் சோர்ந்து ஒலிக்குமாயின் பெட்டியைக் குறை கூறலாகாது.

நுவரெலியாவின் பனியில்

அடுத்த நாள், இளைஞர் சிலவேளை வாசிக்கச் செல்லும் விடுதியைப் பார்ப்பதற்காக நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். கொட்டகலையைக் கடந்ததும் டெவன் அருவி தென்பட்டது. அதற்கப்பால் சென் கிளேயர் அருவி. 150 மெகாவாட் ஆற்றலுள்ள மேல் கொத்மலை மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து, பிந்திய அருவியின் நீரில் பெரும்பகுதி மின்சாரத்துக்காகத் திருப்பப்படுகிறது. அருவியின் ஓசையை விலையாகக் கொடுத்தே நாம் மின்சாரத்தைப் பெறுகிறோம் என்ற எண்ணம் எழுந்தது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தையும், 1885இல் இரயில் பாதை வந்து சேர்ந்த நானு ஓயாவையும் கடந்து, 6,100 அடி உயரத்தில் உள்ள நுவரெலியாவை அடைந்தோம். நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை மேகத்துக்குள் மறைந்திருந்தது.

ஏப்ரல் மாதத்து வசந்த காலத்தில் கொழும்பார் இங்கே திரள்வர். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். விடுதிகளின் கூடங்களில் மாலை தோறும் இசை ஒலிக்கும். நாம் பார்த்த கூடம் ஐம்பது பேர் கொள்ளும். அங்கே டிரம்ஸ் வாசிப்பாரும் சேர்வாராயின் 15 வாட் பெட்டி வசதியாயிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1958இல் இங்கிலாந்தில் வொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஏசி-15 என்னும் அம்பிளிபயர், ஈஎல்84 என்னும் வலு வால்வுகள் இரண்டைக் கொண்டு இத்தகைய கூடங்களுக்கு ஏற்ற குரலைக் கொடுத்தது. அவ்வளவு வலுவுள்ள பெட்டிகள் பல கம்பெனிகளால் இன்றும் செய்யப்படுகின்றன.

ஆனால் அவற்றின் நிறை பதினான்கு கிலோ முதல் இருபத்திரண்டு கிலோ வரை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து அந்த இளைஞரின் லயத்துக்கு ஏறும் கற்படிகளை நாம் எண்ணிப் பார்த்தோம். நூற்றுக்கு மேல் இருந்தன. ஐந்து வாட் பெட்டியாயின் ஒருவரே கையிலே தூக்கிச் செல்லலாம்.

மலைநாட்டின் பனியும் வால்வுக்கு ஒரு சோதனை. குளிரில் பயணம் செய்த பெட்டியைச் சூடான கூடத்துக்குள் கொண்டு வந்தவுடன் அதன் உலோகத்தில் நீர்த்துளி படியும். அரை மணி நேரமாவது அதை அப்படியே ஆறவிட்டு, ஈரம் உலர்ந்தபின் மின்சாரம் கொடுக்க வேண்டும். வாசித்து முடித்ததும் சூடான வால்வுகளோடு பஸ்ஸில் ஏற்றலாகாது. கரடுமுரடான பாதையின் அதிர்ச்சியை அவை தாங்கா. மழைக்காலத்தில் தடித்த சீலை உறையொன்று போட்டு, நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் பூசணம் பிடிக்காமல் பிழைக்கும்.

மாற்று வால்வு கிடைக்குமா என்பதும் சிந்திக்கத் தக்கது. இப்பொழுது உலகிற்கு வேண்டிய வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலேயே செய்யப்படுகின்றன. அவை தபாலிலே வந்து சேர நாட்கள் செல்லும். ஆகவே ஈஎல்84, 6வீ6, ஈசீசீ83 போன்ற பரவலாக வழங்கும் வால்வுகளைக் கொண்ட பெட்டியே நலம். ஒற்றை வலு வால்வுள்ள பெட்டிக்கு ஒரே ஒரு மாற்று வால்வை வாங்கி அரிசி டின்னுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டால் போதும். இரட்டை வால்வுப் பெட்டிக்கு ஒத்த சோடி தேட வேண்டும்.

தெரிந்து கொண்டது

மூன்று நாள் ஆராய்ச்சியின் பின் இளைஞர் மூவரும் லயத்து வாசலில் அமர்ந்து முடிவு செய்தார்கள். ஒற்றை வலு வால்வுள்ள 5 வாட் பெட்டி, திறன் மிகுந்த பன்னிரண்டங்குல ஸ்பீக்கர், வலுவைக் குறைக்கும் சுவிட்ச், 230 வோல்ட். பெரிய பெட்டிக்கெனச் சேர்த்த பணத்தில் மிஞ்சுவதைக் கொண்டு எர்த் கோல், இரண்டு ட்ரிப் சுவிட்சுகள், ஒரு மைக், ஒரு மாற்று வால்வு ஆகியவற்றை வாங்குவது. அதன் பின்னும் ஒரு சிறு தொகை எஞ்சியது. அதைத் தாயாரிடமே திருப்பிக் கொடுப்பதென்று கிற்றார் வாசிப்பவர் சொன்னார். மற்ற இருவரும் மறுத்துப் பேசவில்லை.

நுவரெலியா விடுதிக்கு என்ன செய்வது என்று பாடகர் கேட்டார். அங்கே மைக்கின் உதவியால் சமாளிக்கலாம். வருமானம் வளர்ந்து, வாரந்தோறும் அழைப்பு வருமாயின், அப்பொழுது 15 வாட்டைப் பற்றி எண்ணலாம் என்றோம். வராத விருந்துக்குப் பெரிய பானை வாங்கி வைப்பதைவிட, வீட்டாருக்குச் சோறு வடிக்கும் பானையைத் துவாரமின்றி வைத்திருப்பது மேல் அல்லவா?

மாணவர்களும் இளைஞர்களும் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஒரு கருவியின் பெருமை அதன் வலுவில் இல்லை. அது இருக்கப்போகும் இடத்தோடு அது கொள்ளும் உறவில் இருக்கிறது. சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தை, படியேறும் தோள், எர்த் இல்லாத சுவர், கொழுந்துக் கூடையின் கணக்கு ஆகிய அனைத்தும் ஓர் அம்பிளிபயரின் இலக்கணத்தில் சேர்ந்தவையே. இவற்றை விட்டுவிட்டு வாட்டை மட்டும் கேட்பவர் இசையை அன்று, இரைச்சலையே வாங்கி வருவார்.

இனி மலைநாட்டுக்குச் செல்லும் வாசகர்கள் ஹற்றனிலோ டிக்கோயாவிலோ ஒரு மாலைப்பொழுது தங்கிப் பார்க்கட்டும். கொழுந்து மடுவம் அடைத்து, பனி இறங்கி, லயங்களில் விளக்கேறும் வேளையில், ஏதேனும் ஒரு காம்பராவில் இருந்து அடக்கமான கிற்றார் ஒலி எழுந்தால் சற்று நின்று கேட்கட்டும். அம்மலைகளின் நீர் மின்சாரமாகி நாடெங்கும் சென்று, நெடுங்காலங் கழித்து, பிறந்த இடத்துக்கே இசையாகத் திரும்பி வந்திருப்பதை அவர்கள் உணர்வார்கள்.